கடலுக்கு ஓட்டுரிமை இல்லை!

(கடலோர ஊர்க் கிளைகளின் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டதை நான் கவனித்தேன். ‘ஆழ்கடல் தரைக்கு அடியில் அணுக்கழிவைப் புதைப்பது’ என்பது விஞ்ஞானிகள் பேச வேண்டிய விஷயம் ஆயிற்றே, நமக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். படிக்கப் படிக்கத்தான் ஒன்று புரிந்தது. இது வெறும் விஞ்ஞான விஷயம் அல்ல. ‘ஒருவன் அனுபவித்துவிட்டுப் போட்ட குப்பையை யார் வாசலில் கொட்டுவது?’ என்ற மிகப் பழைய கேள்விதான், புதிய உடை உடுத்திக்கொண்டு வந்திருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை விஞ்ஞானிக்கு மட்டும் உரியதல்ல. கடலை நம்பிப் பிழைக்கிற ஒவ்வொருவருக்கும் அது உண்டு.

முழு விவரத்தையும் சொல்கிறேன். எதிர்த் தரப்பின் வாதத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். முடிவை நீங்களே எடுங்கள்.

பிரச்சினை என்ன?

ஓர் அணுமின் நிலையத்தில் யுரேனியம் எரிபொருளாகப் பயன்படுகிறது. சில ஆண்டுகளில் அதன் வேலை முடிந்துவிடும். வெளியே எடுத்தாக வேண்டும். ஆனால் அடுப்புச் சாம்பலைப் போல அதைக் கையால் அள்ளிக் கொட்ட முடியாது. உலைக்குள் போகும்போது இருந்ததைவிடப் பல கோடி மடங்கு கதிர்வீச்சோடு அது வெளியே வருகிறது. பல ஆண்டுகள் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் குளிர வைக்க வேண்டும்.

1,000 மெகாவாட் உலை ஒன்றிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 20 முதல் 30 டன் வரை இந்த எரிந்த எரிபொருள் வருகிறது. உலகில் அணுமின்சாரம் தொடங்கிய 1954ஆம் ஆண்டிலிருந்து இதுவரை சேர்ந்திருப்பது சுமார் 4 லட்சம் டன்!

இதில் உள்ள சீசியம்–137 என்ற பொருளின் வீரியம் பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் ஆகும். புளூட்டோனியம்–239 பாதியாகக் குறைய 24,000 ஆண்டுகள் ஆகும். பாதிதான் குறையும், தீர்ந்துவிடாது! அது அடங்குவதற்கு 2 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். மனிதன் எழுதக் கற்றுக்கொண்டு சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. ‘இங்கே தோண்டாதே, ஆபத்து’ என்று நாம் எழுதி வைக்கும் பலகையை அவ்வளவு காலம் கழித்து யார் படிப்பார்கள்? எந்த மொழியில் படிப்பார்கள்?

உலை கட்டியவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு கட்டவில்லை. முதலில் மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம், குப்பையைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று தொடங்கினார்கள். அந்தப் ‘பிறகு’ இன்னமும் முடியவில்லை.

முதல் அத்தியாயம்: கொட்டினார்கள்!

கடலுக்கு அடியில் புதைக்கும் திட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அதற்கு முன்பு கடலுக்கு என்ன செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1946இல் கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் அமெரிக்கா முதல் முறையாகக் கதிரியக்கக் கழிவைக் கடலில் போட்டது. அன்று தொடங்கி 1993 வரை 14 நாடுகள், 80க்கும் மேற்பட்ட இடங்களில் கொட்டியிருக்கின்றன. இது சர்வதேச அணுசக்தி முகமையே தொகுத்து வெளியிட்ட கணக்கு.

சான்ஃபிரான்சிஸ்கோ நகருக்கு எதிரே உள்ள ஃபாரலோன் தீவுகளின் அருகே மட்டும் 1946 முதல் 1970 வரை ஏறத்தாழ 47,800 பீப்பாய்கள் போடப்பட்டன. வடகிழக்கு அட்லாண்டிக்கில் பிரிட்டன், பெல்ஜியம், பிரான்ஸ், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து போன்ற ஐரோப்பிய நாடுகள் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பீப்பாய்களைப் போட்டன. சுவிட்சர்லாந்துக்குக் கடற்கரையே கிடையாது! அந்த நாட்டின் குப்பையும் கடலுக்குத்தான் போயிற்று.

அந்தப் பீப்பாய்களின் இன்றைய நிலை என்ன என்று பார்க்க 2025இல்தான் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் தானியங்கி நீர்மூழ்கி ஒன்றை அனுப்பினார்கள். 3,000க்கும் மேற்பட்ட பீப்பாய்கள் இருக்கும் இடத்தைக் கண்டறிந்தார்கள். போட்டது போன நூற்றாண்டில்! முறையாகத் தேடி வரைபடம் போடுவது இந்த நூற்றாண்டில்!

சோவியத் யூனியனின் கதை இதைவிட மோசம். வடதுருவத்தை ஒட்டிய காரா கடலில் அணு உலைகளையே மூழ்கடித்தார்கள். சிலவற்றில் எரிபொருளைக்கூட எடுக்கவில்லை. கே–27 என்ற அணு நீர்மூழ்கிக் கப்பலை 1982இல் நோவயா செம்ல்யா தீவின் விரிகுடா ஒன்றில் அமிழ்த்தினார்கள். அங்கே ஆழம் எவ்வளவு தெரியுமா? சுமார் 30 மீட்டர்! இவையெல்லாம் வெளியே வந்தது சோவியத் யூனியன் சிதறிய பிறகு, 1993இல் ரஷ்ய அரசே வெளியிட்ட அறிக்கையின் மூலம்தான். அதற்கு முன்பு கேட்டபோதெல்லாம் ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்பதுதான் பதில்.

மேற்கு, கிழக்கு என்று உலகம் இரண்டு முகாமாகப் பிரிந்து கிடந்த காலம் அது. எல்லா விஷயத்திலும் மோதிக்கொண்டவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

இரண்டாம் அத்தியாயம்: புதைக்கலாம் என்றார்கள்!

இப்போது நம் தலைப்புக்கு வருகிறேன். நான் முன்பே சொன்னபடி, எதிர்த் தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்ல வேண்டும். பலவீனமாக்கிச் சொல்லிவிட்டு அடித்து வீழ்த்துவது வீரம் அல்ல.

1970களின் தொடக்கத்தில் சார்ல்ஸ் ஹாலிஸ்டர் என்ற அமெரிக்கக் கடலியல் அறிஞர் ஒரு யோசனை சொன்னார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர். ஆழ்கடலின் களிமண்ணை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர்.

அவர் சொன்னது இதுதான்: ‘கழிவைக் கடல் நீரில் போடக் கூடாது. கடல் தரையின் மேலும் வைக்கக் கூடாது. தரைக்கு உள்ளே, களிமண்ணுக்குள் ஆழமாகப் புதைக்க வேண்டும்.’

ஏன் களிமண்? பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹவாய்த் தீவுகளுக்கு வடக்கே, ஐந்து கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் சிவந்த களிமண் படிந்து கிடக்கிறது. காற்றில் பறந்து வரும் தூசு மெல்ல மெல்ல இறங்கிப் படிந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு மில்லிமீட்டர் கூடச் சேராது! அங்கே 24 மீட்டர் நீளத்துக்குக் குழாயை இறக்கி மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஒரு குழாய்க்குள் ஆறரைக் கோடி ஆண்டு வரலாறு வரிசை கலையாமல் அடுக்கடுக்காக இருந்தது. பனியுகங்கள் வந்து போயின, கண்டங்கள் நகர்ந்தன. அந்தச் சேறு மட்டும் அசையவில்லை.

அந்த இடம் நிலநடுக்கம் உண்டாகும் விளிம்புகளிலிருந்து வெகு தூரம். எரிமலை இல்லை. எண்ணெய் இல்லை. மீன்பிடிப்பும் பெரிதாக இல்லை. களிமண்ணோ பசை போன்றது. துளை போட்டாலும் தானே மூடிக்கொள்ளும். புளூட்டோனியம் போன்ற பொருள்கள் அதன் துகள்களில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். எஃகுக் கலம் அரித்துப் போனாலும் களிமண் காவல் காக்கும் என்பது அவர் வாதம்.

எப்படிப் புதைப்பது? இரண்டு வழிகள் சொன்னார்கள். கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகு உருளைகளில் அடைத்துக்கொள்ள வேண்டும். இது இரண்டு வழிக்கும் பொது. முதல் வழி, எண்ணெய்க் கிணறு தோண்டுவது போலக் கப்பலில் இருந்து பல நூறு மீட்டர் துளையிட்டு, உருளைகளை ஒன்றன் மேல் ஒன்றாக இறக்கி மூடுவது. இரண்டாவது வழி, கூர்முனை கொண்ட ஈட்டி போன்ற எஃகுக் கூட்டில் வைத்துக் கப்பலிலிருந்து நழுவ விடுவது. தன் எடையாலேயே நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் இறங்கி, தரையைக் குத்திக்கொண்டு முப்பது மீட்டர் வரை உள்ளே போய்ப் புதைந்துவிடும். 1980களில் அட்லாண்டிக்கில் கழிவு இல்லாத வெற்று ஈட்டிகளைப் போட்டுச் சோதித்தும் பார்த்தார்கள்.

அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான், கனடா, மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து முதலிய நாடுகள் கூட்டாகப் பத்தாண்டுக்கும் மேலாக இந்த ஆய்வை நடத்தின. 1988இல் வெளியான அவர்களுடைய அறிக்கை என்ன சொன்னது? தொழில்நுட்ப ரீதியாக இது நடக்கக்கூடியது. மனிதனுக்கு வந்து சேரும் கதிர்வீச்சு மிகமிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் செயல்படுத்துவதற்கு முன் இன்னும் ஆய்வு தேவை என்றது.

சகோதரர்களே! இதை நாம் ஏளனமாகத் தள்ளிவிடக் கூடாது. ஹாலிஸ்டர் கள்ளத்தனமாகக் குப்பை கொட்ட வந்தவர் அல்ல. பீப்பாய்களைக் கடலில் உருட்டியவர்களோடு அவரைச் சேர்த்துப் பேசுவது அநியாயம். 1999இல் இறக்கும் வரை, ‘ஆராய்ச்சியையாவது தொடருங்கள்’ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஏன் நின்றது?

கடல் மீதுள்ள அக்கறையால் நின்றது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். 1986இல் அமெரிக்க அரசு இந்தத் திட்டத்துக்குப் பணத்தை நிறுத்தியது. மறு ஆண்டே, நெவாடா மாநிலத்தின் யக்கா மலையை மட்டும் ஆராய்ந்தால் போதும் என்று சட்டம் இயற்றியது. வேறு மாநிலங்களின் பெயர்களும் பட்டியலில் இருந்தன. அவற்றுக்கு நாடாளுமன்றத்தில் செல்வாக்கு அதிகம். நெவாடாவுக்கு அன்று செல்வாக்கு குறைவு. ‘நெவாடாவை நசுக்கும் மசோதா’ என்றே அந்த மாநிலத்தார் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அந்த மலை யாருடையது? 1863இல் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மேற்கு ஷோஷோனி என்ற பூர்வகுடி மக்கள், அது தங்கள் மண் என்கிறார்கள். ஆக, கடல் தப்பியது. ஆதிவாசியின் மலை மாட்டியது! பிறகு நெவாடாவுக்குச் செல்வாக்கு வந்தது, 2010–11இல் அந்தத் திட்டத்துக்கும் பணம் நின்றது. கழிவு இன்னமும் அமெரிக்கா முழுவதும் உலைகளின் பக்கத்திலேயே கிடக்கிறது.

இதில் விஞ்ஞானம் எங்கே? ஓட்டுக் கணக்குதான் இருக்கிறது. கடலுக்கு ஓட்டுரிமை இல்லை. பிறக்காத பிள்ளைக்கும் ஓட்டுரிமை இல்லை. சிறிய மக்களின் ஓட்டுக்கு எடை இல்லை. இடம் தேடுகிறவர்களின் கண் எப்போதும் இந்த மூவர் மீதுதான் விழுகிறது.

தடுத்தவர்கள் யார்?

இனி இந்த வரலாற்றில் நாம் பெருமையோடு சொல்ல வேண்டிய பகுதிக்கு வருகிறேன். கடலில் கொட்டுவதை உலகம் நிறுத்தியது. எப்படி நிறுத்தியது? வல்லரசுகளின் மனம் தானாகவா இளகியது? இல்லை!

1972இல் உருவான லண்டன் ஒப்பந்தம் கடுமையான அணுக்கழிவைக் கடலில் போடுவதை மட்டும் தடுத்தது. குறைந்த வீரியம் உள்ளதை அனுமதி பெற்றுப் போடலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. அந்தக் கதவு வழியாகத்தான் அட்லாண்டிக்கில் தொடர்ந்து கொட்டினார்கள்.

ஜப்பான், பசிபிக்கில் பீப்பாய்களைப் போடத் திட்டமிட்டது. பசிபிக் தீவு மக்கள் கொதித்து எழுந்தார்கள். அவர்களுக்கு இது புதிது அல்ல. பிக்கினி, எனிவெடாக் தீவுகளில் 1946 முதல் 1958 வரை 67 அணுகுண்டுச் சோதனைகளை அமெரிக்கா நடத்தியது. இன்றைய கிரிபாஸ் நாட்டின் தீவுகளில் 1957–58இல் பிரிட்டன் வெடித்தது. பாலினேசியாவில் பிரான்ஸ் வெடித்தது. வெடித்தவர்கள் ஒவ்வொருவரும் ‘ஆபத்தில்லை’ என்றுதான் சொன்னார்கள். ஆகவே ஜப்பானும் ‘ஆபத்தில்லை’ என்றபோது தீவு மக்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: ‘ஆபத்தில்லை என்றால் டோக்கியோவிலேயே வைத்துக்கொள்ளலாமே?’

அதற்குப் பதில் வரவில்லை. 1983இல் லண்டன் ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தில் கிரிபாஸ், நவூரு என்ற இரண்டு சின்னஞ்சிறு நாடுகள் எழுந்து முழுத் தடை கேட்டன. நவூருவின் மக்கள்தொகை நம் ஊர்ப் பேரூராட்சி ஒன்றின் அளவுதான் இருக்கும்! தடை உடனே கிடைக்கவில்லை. ஆனால் ‘ஆய்வு முடியும் வரை நிறுத்தி வைப்போம்’ என்ற தீர்மானம் நிறைவேறியது.

பிரிட்டன் அதற்குக் கட்டுப்பட மறுத்து, அந்த ஆண்டும் கொட்டத் தயாரானது. அப்போது நடந்ததைக் கவனியுங்கள். பிரிட்டனின் கப்பல் தொழிலாளர் சங்கம், போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம், ரயில் ஓட்டுநர் சங்கம் ஆகியவை ‘அந்தப் பீப்பாய்களைத் தொட மாட்டோம்’ என்று அறிவித்தன. ரயில் ஓடவில்லை, கப்பல் கிளம்பவில்லை! அரசு அனுமதி கையில் இருந்தது, பணம் இருந்தது, கப்பல் இருந்தது. ஆனால் தூக்கிப் போட ஆள் இல்லை. 1982இல் போட்டதுதான் அட்லாண்டிக்கில் கடைசி.

ஒரு தொழிலாளி ‘என் கையால் இந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன்’ என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றால், ஒரு பேரரசின் திட்டமும் நின்று போகும்!

1985இல் ஜப்பான் பிரதமர் நாகசோனே, திட்டத்தை நிறுத்தி வைப்பதாகத் தீவு மக்களுக்கு வாக்குக் கொடுத்தார். அதே ஆண்டு ரரோடோங்கா ஒப்பந்தத்தின் மூலம் தென் பசிபிக் நாடுகள் தங்கள் கடலில் அணுக்கழிவைத் தடை செய்தன. 1991இல் ஆப்பிரிக்க நாடுகள் மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோவில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. நச்சுக் கழிவும் கதிரியக்கக் கழிவும் ஆப்பிரிக்காவுக்குள் வரக் கூடாது; கடலில் கொட்டக் கூடாது; கடல் தரையிலும், அதற்கு அடியிலும் புதைக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதி வைத்தன. பணக்கார நாடுகளின் நச்சுக் குப்பை கப்பல் கப்பலாக ஆப்பிரிக்கக் கரைகளில் வந்து இறங்கிய அனுபவம் அவர்களுக்கு இருந்தது. ‘அடியில்’ என்ற ஒரு சொல்லைக்கூட அவர்கள் மறக்கவில்லை.

1993 அக்டோபரில் ரஷ்யக் கடற்படையின் கப்பல் ஒன்று ஜப்பான் கடலில் 900 டன் கதிரியக்கத் திரவத்தைக் கொட்டியது. கிரீன்பீஸ் இயக்கத்தினர் அதைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டினார்கள். முன்பு பசிபிக்கில் கொட்ட நினைத்த ஜப்பான், இப்போது தன் வாசலில் விழுந்ததும் கொதித்தது! அடுத்த மாதமே லண்டன் கூட்டத்தில் முழுத் தடை வந்தது. 37 நாடுகள் ஆதரித்தன. பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, சீனா, பெல்ஜியம் ஆகிய ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. 1994 பிப்ரவரி 20 முதல் தடை அமலுக்கு வந்தது. 2005இல் ரஷ்யாவும் ஏற்றுக்கொண்டது.

சட்டத்தின் கதவும் ஜன்னலும்

‘கடலில் போடக் கூடாது என்றுதானே சட்டம்? நாங்கள் கடலுக்கு அடியில் அல்லவா புதைக்கிறோம்?’ என்று கேட்கக் கூடியவர்கள் இருந்தார்கள். அதற்கும் 1996இல் பதில் வந்தது. அந்த ஆண்டு உருவாகி 2006இல் அமலுக்கு வந்த லண்டன் நெறிமுறை, ‘கடல்’ என்றால் நீர் மட்டுமல்ல, கடற்படுகையும் அதன் அடிமண்ணும் சேர்ந்தது என்று வரையறுத்தது. ஈட்டியும் துளையும் இதோடு சட்டத்துக்குப் புறம்பாயின.

ஆனால் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கிறது. கரையிலிருந்து மட்டுமே சுரங்கம் தோண்டிப் போய்க் கடலுக்கு அடியில் வைத்தால் அது இந்தத் தடையில் வராது. சுவீடன் 1988 முதல் ஃபோர்ஸ்மார்க் என்ற இடத்தில் பால்டிக் கடலின் தரைக்கு அடியில் உள்ள பாறையில், குறைந்த மற்றும் நடுத்தர வீரியக் கழிவை இப்படித்தான் வைத்து வருகிறது. பிரிட்டனும் கம்ப்ரியா கரைக்கு அப்பால் உள்ள பாறையைத் தன் கடுமையான கழிவுக்காகவே ஆராய்ந்து வருகிறது.

குழாய் வழியாகக் கரையிலிருந்து திரவத்தை விடுவதும் ‘கொட்டுவது’ என்ற கணக்கில் வரவில்லை. பிரிட்டனின் செல்லஃபீல்டு ஆலை 1950களிலிருந்து ஐரிஷ் கடலில் குழாய் வழியாகத்தான் விட்டது. அயர்லாந்து நாடு எத்தனையோ முறை முறையிட்டது. ஃபுகுஷிமாவில் 2023 ஆகஸ்டிலிருந்து சுத்திகரித்த நீரைக் கடல் தரைக்கு அடியில் ஒரு கிலோமீட்டர் சுரங்கம் அமைத்துத்தான் வெளியே விடுகிறார்கள். அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகமை சொல்கிறது. ஆனாலும், எங்களை ஏன் முன்கூட்டியே கலந்துகொள்ளவில்லை என்று பசிபிக் தீவு நாடுகள் கேட்டது கேட்டதுதான்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். 1993ஆம் ஆண்டுத் தடையிலேயே ஒரு விதி இருக்கிறது. கடுமையான கழிவைத் தவிர மற்றவற்றுக்கு, 25 ஆண்டுகளுக்கு ஒரு முறை விஞ்ஞான மறுஆய்வு செய்ய வேண்டும். முதல் கெடு 2019இல் முடிந்தது, தடை நீடிக்கிறது. அடுத்தது 2044. இங்கே பெரியவர்களின் மடியில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பிள்ளைகள் அன்று குடும்பத் தலைவர்களாக இருப்பார்கள். அப்போது கேள்வி அவர்களிடம் வரும். பதில் சொல்ல அவர்களைத் தயார் செய்ய வேண்டியது நாம்!

மூன்று கேள்விகள்

சரி, களிமண் உண்மையிலேயே பத்திரமான இடம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மூன்று கேள்விகள் நிற்கின்றன.

ஒன்று: தவறு நடந்தால் திரும்ப எடுக்க முடியுமா? ஐந்து கிலோமீட்டர் நீருக்கும் அதற்குக் கீழே களிமண்ணுக்கும் உள்ளே போன உருளை விரிசல் விட்டால் யார் போய்ப் பார்ப்பது? யார் சரி செய்வது? மலையில் வைத்தால் கண்காணிக்கலாம், வேண்டுமானால் வெளியே எடுக்கலாம். ஆழ்கடலில் வைப்பது என்பது சாவியையும் சேர்த்து எறிவது. அந்த உருளை வேறு வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த களிமண் அந்தச் சூட்டில் நீண்ட காலத்துக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பது, ஆய்வு நின்றபோது முழுமையாக விடை கிடைக்காத கேள்விகளில் ஒன்று.

இரண்டு: அங்கே போய்ச் சேரும் வரை? களிமண் அசையாது. கப்பல் அசையுமே! ஆயிரக்கணக்கான உருளைகளைத் துறைமுகம் கொண்டு வந்து, கப்பலில் ஏற்றி, நடுக்கடலுக்குக் கொண்டு போக வேண்டும். புயலும் மோதலும் தீவிபத்தும் கடலில் எவ்வளவு சாதாரணம் என்பதைக் கடலோரத்தில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1989 ஏப்ரலில் கொம்சோமோலெட்ஸ் என்ற சோவியத் அணு நீர்மூழ்கி தீப்பிடித்து நார்வே கடலில் 1,680 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2019இல், அதன் குழாய் ஒன்றின் வாயில் எடுத்த நீரில், வழக்கத்தைவிட எட்டு லட்சம் மடங்கு சீசியம் இருந்தது. சற்றுத் தள்ளிப் போனால் பெருங்கடல் அதைக் கரைத்துவிடுகிறது என்பதும் உண்மை. ஆனால் திட்டம் போட்டு அங்கே யாரும் அதை வைக்கவில்லை. விபத்துதான் வைத்தது.

மூன்று: யாரைக் கேட்டுப் புதைக்கிறீர்கள்? இதுதான் பெரிய கேள்வி. நாடுகளின் எல்லைக்கு அப்பால் உள்ள கடல் தரை மனித இனம் முழுமைக்கும் பொதுச் சொத்து என்று 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்டம் சொல்கிறது. பொதுச் சொத்து என்றால், எவர் வேண்டுமானாலும் குப்பை போடலாம் என்று பொருளா? அல்லது எல்லோரும் சம்மதிக்காமல் எவரும் தொடக் கூடாது என்று பொருளா? ஊர்ப் பொதுக் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இது யாருக்கும் சொந்தமில்லை’ என்று சொல்லி ஒருவர் அதில் கழிவை ஊற்றினால் ஊர் சும்மா இருக்குமா? மின்சாரத்தை அனுபவித்தவர் ஒருவர். ஆபத்தைச் சுமப்பவர் மட்டும் எல்லோருமா?

நம் நிலை என்ன?

எதிர்ப்பது சுலபம். ‘பிறகு எங்கேதான் வைப்பது?’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். 4 லட்சம் டன் கழிவு நம் கோபத்தால் மறைந்துவிடாது. கடலில் வேண்டாம் என்று நாம் சொல்லிவிட்டு நகர்ந்தால், அது யக்கா மலையைப் போல இன்னொரு ஏழையின் தலையில்தான் விழும். அது நமக்கு நியாயம் ஆகாது.

பின்லாந்தைப் பாருங்கள். எங்கள் கழிவு எங்கள் மண்ணில்தான் என்று 1994இல் சட்டம் இயற்றினார்கள். ஊராட்சிக்கு மறுக்கும் உரிமை கொடுத்தார்கள். யூராயோகி என்ற ஊரின் மன்றம் 2000இல் வாக்கெடுத்து, 20க்கு 7 என்ற கணக்கில் சம்மதித்தது. அதன் பிறகுதான் 400 மீட்டருக்கும் ஆழமான பாறையில் சுரங்கம் தோண்டினார்கள். சுவீடனிலும் ஊர் மன்றம் சம்மதித்த பிறகே அரசு 2022இல் அனுமதி கொடுத்தது. அந்த வழியிலும் குறைகள் உண்டு, எதிர்ப்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம்: அங்கே ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிந்தது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை உள்ளவன் சொல்லும் ‘சரி’க்குத்தான் மதிப்பு.

ஆகவே நம் நிலை இதுதான். உண்டாக்கிய நாடு தன் மண்ணில், தன் மக்களின் சம்மதத்தோடு, கண்காணிக்கவும் திரும்ப எடுக்கவும் முடிகிற இடத்தில் வைக்கட்டும். எங்கே வைப்பது என்று தெரிவதற்கு முன் மேலும் மேலும் உண்டாக்காமல் இருக்கட்டும். பொதுக் கடலைத் தொட வேண்டாம்.

இது தூரத்து நாடுகளுக்கு மட்டும் சொல்லும் புத்திமதி அல்ல. கூடங்குளம் நம் கடற்கரையில்தான் இருக்கிறது. 2013 முதல் அங்கே மின்சாரம் உற்பத்தியாகிறது. எரிந்த எரிபொருள் அந்த வளாகத்திலேயே சேர்கிறது. அதைப் பாதுகாப்பாக வைக்கத் தனி வசதி வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். நிரந்தரமாக எங்கே போகும் என்று கேட்பது தேசத் துரோகம் அல்ல. ஒரு குடிமகனின் கடமை.

சகோதரர்களே, சகோதரிகளே! கடல் நம் பாட்டன் சம்பாதித்து வைத்த சொத்து அல்ல, விற்றுத் தின்பதற்கு. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வாங்கியபடியே அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். நவூரு தீவின் பத்தாயிரம் பேரால் ஒரு கேள்வியைக் கேட்க முடிந்தது. பிரிட்டனின் கப்பல் தொழிலாளியால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடிந்தது. நம்மால் முடியாதா?

கடலுக்கு ஓட்டுரிமை இல்லை. நமக்கு இருக்கிறது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம், குடிநீர்க் குழாயையும் சாலையையும் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, இந்தக் கேள்வியையும் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாது. தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள்.